தண்ணி, தீ, பூஞ்சையால பாழான வீட்டையும் கடையையும் மீட்கிறது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

வீட்டுக்குள்ள தண்ணி புகுந்துடுச்சு, தீப்பிடிச்சு இப்பதான் அணைச்சோம், சுவர் ஓரமா கருப்பா ஏதோ படருதுன்னு கூப்பிடறவங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேக்கறாங்க. இந்த வேலையில பல வருஷமா இருக்கேன், அதனால அந்தக் கேள்விகளையும் நான் சொல்ற பதிலையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். நான் பாத்த வரைக்கும் பாதி வீட்ல பெரிய நஷ்டம் வந்தது முதல் நாள் புகுந்த தண்ணியால இல்ல, உள்ள ஈரம் இருக்கும்போதே அவசரப்பட்டு பூசி பெயின்ட் அடிச்சு மூடினதாலதான். அதனால கீழ பல இடத்துல அதையே திரும்பத் திரும்ப சொல்லியிருப்பேன், பொறுத்துக்கோங்க.

வீட்டுக்குள்ள தண்ணி நிக்குது, இறங்கிப் போகலாமா?

கரண்ட் நிக்கறதுக்கு முன்னாடி வேணாம். மெயின் சுவிட்ச் இருக்கற இடம் காஞ்சிருந்தா, காஞ்ச கையோட காஞ்ச தரையில நின்னு ஆஃப் பண்ணுங்க. அதைத் தொட தண்ணியில நடந்துதான் போகணும்னா நீங்க போகாதீங்க, கரண்ட் ஆபீசுக்கு சொல்லி வெளியிலேயே லைனை கட் பண்ணச் சொல்லுங்க. கேஸ் வாசனை வந்தா எந்த சுவிட்சையும் தட்டாம வெளிய வந்துடுங்க.

மேல சீலிங் போர்டு வயிறு மாதிரி உப்பி தொங்குதான்னு பாருங்க, அதுக்குள்ள தண்ணி தேங்கி நிக்கும், திடீர்னு மொத்தமா விழும். கலங்கின தண்ணிக்குள்ள ஆணி, கண்ணாடி, திறந்து கிடக்கற மேன்ஹோல் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, அதனால கெட்டியான பூட்ஸ், கையுறை கட்டாயம். இன்னொண்ணு, கரண்ட் இல்லைன்னு ஜெனரேட்டரை வராண்டாவுலயோ கார் ஷெட்லயோ வெச்சு ஓட்டறாங்க, தயவுசெஞ்சு அப்படி செய்யாதீங்க. அதுல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, தூக்கத்துலயே ஆளைக் கொன்னுடும். வீட்ல இருந்து குறைஞ்சது 6 மீட்டராவது தள்ளி, ஜன்னல் பக்கம் புகை போகாத மாதிரி வைங்க.

உடனே சுத்தம் பண்ண ஆரம்பிக்கலாமா?

அதுக்கு முன்னாடி ஒரு 15 நிமிஷம் ஒதுக்கி போட்டோ, வீடியோ எடுத்துடுங்க. ஒவ்வொரு ரூமா சுத்தி, சுவர்ல தண்ணி எந்த உயரம் வரைக்கும் நின்னுச்சுங்கற கோடு தெரியற மாதிரி, மெஷின்கள்ல மாடல் நம்பர் ஒட்டியிருக்கற ஸ்டிக்கரோட. அப்புறம் தண்ணியை வெளியேத்துங்க.

எவ்ளோ நேரம் டைம் இருக்கு?

பூஞ்சை பிடிக்க 24-ல இருந்து 48 மணி நேரம் போதும். அதோட வித்து எப்பவுமே காத்துல, தூசியில இருக்கு, ஈரமும் தின்ன ஏதாவதும் கிடைச்சா முளைச்சுடும். மரம், அட்டை, ஜிப்சம் போர்டு மேல இருக்கற பேப்பர், துணி, ஏன், சும்மா படிஞ்ச தூசி கூட அதுக்கு சாப்பாடுதான். வித்தை ஒழிக்க முடியாது, சாப்பாட்டை ஒழிக்கவும் முடியாது, நம்ம கையில இருக்கறது ஈரம் ஒண்ணுதான், அதனாலதான் இந்த வேலை முழுக்க ஈரத்தை விரட்டற வேலையாவே இருக்கு.

எல்லாத் தண்ணியும் ஒண்ணுதானே?

இல்ல. குடிநீர் பைப் உடைஞ்சு வந்தது சுத்தமான தண்ணி. வாஷிங் மெஷின்ல இருந்து வழிஞ்சது அழுக்குத் தண்ணி, அதுலயே கிருமி இருக்கும். சாக்கடை, செப்டிக் டேங்க் பொங்கினது, ஆத்துல இருந்து வந்த வெள்ளம் எல்லாம் மூணாவது வகை, அதை விஷமா நினைச்சே தொடணும். எலி மூத்திரம் கலந்த வெள்ளத்துல இருந்து லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் வரும், காலில் சின்ன வெட்டு இருந்தாலே போதும். வேலை முடிஞ்ச கொஞ்ச நாள்ல காய்ச்சல், உடம்பு வலி வந்தா டாக்டர்கிட்ட வெள்ளத்துல இறங்கினேன்னு மறக்காம சொல்லுங்க.

நல்ல தண்ணி கூட ரெண்டு மூணு நாள் தேங்கி நின்னா அழுக்குத் தண்ணி ஆயிடும், அதனால பைப் தண்ணிதானேன்னு அசால்ட்டா விடாதீங்க.

பேஸ்மென்ட் முழுக்க தண்ணி, ரெண்டு மோட்டார் போட்டு ஒரே மூச்சில இறைச்சுடலாமா?

வெளிய மண்ணு இன்னும் ஊறிப்போயிருந்தா கூடாது. அந்த ஈர மண்ணு சுவரை வெளியில இருந்து தள்ளிக்கிட்டு இருக்கும், உள்ள நிக்கற தண்ணி அதை எதிர்த்து தாங்கிக்கிட்டு இருக்கும். உள்ள இருக்கறதை மட்டும் வேகமா எடுத்துட்டா சுவர் உள்பக்கமா சரியலாம், தரை மேல தூக்கலாம். வெளிய தண்ணி வடிஞ்ச அப்புறம் ஒரு நாளைக்கு மூணுல ஒரு பங்குன்னு நிதானமா இறைங்க, ராத்திரி மட்டத்தை சுவர்ல கோடு போட்டு வெச்சுட்டு காலையில பாருங்க, திரும்ப ஏறியிருந்தா இன்னும் பொறுக்கணும்னு அர்த்தம்.

ஃபேன் போட்டு ஜன்னலை எல்லாம் திறந்து வெச்சா காஞ்சுடாதா?

இதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. ஃபேன் என்ன பண்ணுது, சுவர்ல தரையில இருக்கற ஈரத்தை காத்துல கலக்குது, அவ்ளோதான். அந்தக் காத்து வெளிய போகலைன்னா அந்த ஈரம் எங்க போகும்? பீரோ பின்னாடி, சீலிங் மேல, பக்கத்து ரூம்ல நனையாத மெத்தையில போய் உக்காந்துக்கும். வெளிய வெயிலடிச்சு காத்து வறண்டு இருந்தா ஜன்னலைத் திறங்க, ரொம்ப நல்லது. மழை பேஞ்சு வெளிக்காத்தே நசநசன்னு இருந்தா திறக்கறது வெளி ஈரத்தை உள்ள கூப்பிடற மாதிரிதான், அப்ப ஜன்னலை மூடிட்டு டீஹியுமிடிஃபையர் போடணும், அந்த மெஷின் காத்துல இருக்கற ஈரத்தைப் பிடிச்சு டேங்க்ல தண்ணியா கொட்டும், ஃபேனும் அதுவும் சேர்ந்து ஓடணும். சின்னதா ஒரு ஹியுமிடிட்டி மீட்டர் வாங்கி வீட்ல வைங்க, காத்துல ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு கீழ இருக்கணும், 30-ல இருந்து 50-க்குள்ள இருந்தா இன்னும் நல்லது.

முக்கியமான விஷயம் ஒண்ணு, ஏற்கனவே பூஞ்சை கண்ணுக்குத் தெரியுதுன்னா ஃபேன் போடவே போடாதீங்க, ஒரு சுவர்ல இருந்ததை வீடு முழுக்க தூவிவிட்ட மாதிரி ஆயிடும்.

அப்புறம் தண்ணி மறைஞ்சு நிக்கற இடங்களைத் திறக்கணும். ஸ்கர்ட்டிங் (சுவரோட அடியில ஓரமா ஒட்டற பட்டை) பின்னாடி, மரத்தரைக்கு அடியில, சமையல்கட்டு அலமாரிக்கு அடியில, ஜிப்சம் சுவருக்கு நடுவுல. ஜிப்சம் போர்டு திரி மாதிரி தண்ணியை மேல இழுக்கும், தரையில அரை அடி தண்ணி நின்னிருந்தா போர்டுக்குள்ள அதை விட மேல ஏறியிருக்கும், அதனாலதான் தண்ணிக் கோட்டுக்கு மேல ஒரு அடி விட்டு வெட்டி எடுக்கறது. பழைய கட்டடமா இருந்தா வெட்டறதுக்கு, சுரண்டறதுக்கு முன்னாடி ஆஸ்பெஸ்டாஸ், ஈயம் கலந்த பழைய பெயின்ட் இருக்கான்னு செக் பண்ணிக்கோங்க, அந்தத் தூசி நுரையீரலுக்குள்ள போச்சுன்னா தண்ணியை விட பெரிய ஆபத்து.

தொட்டுப் பாத்தா காஞ்சிருக்கே, பூசிடலாமா?

கையை நம்பாதீங்க. மேல் தோல் முதல்ல காயும், உள்ள ஈரம் அப்படியே இருக்கும், மேல டைல்ஸோ வால்பேப்பரோ ஒட்டினதும் அது வெளிய வர வழி இல்லாம உள்ளேயே வேகும். ரெண்டு மாசம் கழிச்சு பெயின்ட் உப்பும், சுவர்ல வெள்ளையா உப்பு பூக்கும், அந்த மண்ணு வாசனை வரும்.

மாய்ஸ்ச்சர் மீட்டர்னு ஒரு சின்ன கருவி இருக்கு, ரெண்டு முள் மரத்துல குத்தினா ஈரம் எவ்ளோன்னு காட்டும். மரத்துல 20 சதவீதத்தை தாண்டி இருந்தா உளுத்துப் போற ஆபத்து இருக்கு, 15-க்கு பக்கம் வந்த அப்புறம்தான் மூடலாம். நான் எப்பவும் பண்றது, அதே வீட்ல நனையாத ஒரு இடத்துல குத்திப் பாத்து அந்த அளவை எழுதி வெச்சுக்குவேன், நனைஞ்ச இடம் அந்த அளவுக்கு இறங்கற வரைக்கும் மெஷினை நிறுத்த மாட்டேன். கான்கிரீட் தரைன்னா 45 செ.மீ. நீள அகலத்துல ஒரு கெட்டி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி 16 மணி நேரம் விட்டுடுங்க, எடுத்துப் பாக்கும்போது அடியில வேர்த்திருந்தாலோ தரை கருத்திருந்தாலோ இன்னும் ஈரம் மேல வந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். கான்கிரீட்டும் செங்கல்லும் காய வாரக்கணக்கு ஆகும், சில சமயம் மாசக்கணக்கு, அதைக் குறுக்குவழியில முடிக்க யாராலயும் முடியாது.

எதை வெச்சுக்கலாம், எதைத் தூக்கிப் போடணும்?

தண்ணியை உறிஞ்சற சாமானா இல்லையான்னு பாருங்க. கண்ணாடி, எவர்சில்வர், கெட்டி பிளாஸ்டிக், டைல்ஸ் எல்லாம் சோப்பு போட்டு கழுவி கிருமிநாசினி போட்டா திரும்பக் கிடைச்சுடும். கெட்டி மரச் சாமான் நிழல்ல மெதுவா காயட்டும், வெயில்ல வெச்சா வளைஞ்சு வெடிக்கும். பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு உப்பிடுச்சுன்னா அது பழையபடி வராது.

சாக்கடைத் தண்ணி பட்ட மெத்தை, தலகாணி, ஸ்பான்ஜ் வெச்ச சோபா, கார்ப்பெட்டுக்கு அடியில போடற பேட், குழந்தைங்களோட பஞ்சு பொம்மை, இதெல்லாம் போட்டோ எடுத்துட்டு போட்டுடுங்க. மனசு வராதுன்னு எனக்குத் தெரியும், குறிப்பா பொம்மையைத் தூக்கிப் போடச் சொல்லும்போது குழந்தை பாக்கற பார்வையை என்னால தாங்க முடியாது, ஆனாலும் அதைக் கழுவி உள்பஞ்சு வரைக்கும் சுத்தம் பண்ண வழியே இல்ல.

நனைஞ்ச கல்யாண போட்டோ, பத்திரம், புத்தகம் எல்லாம் போச்சா?

போகல, இதுக்கு வழி இருக்கு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருக்கற போட்டோவை பிரிக்க இழுக்காதீங்க, அப்படியே காய விட்டாலும் நிரந்தரமா ஒட்டிக்கும். சுத்தமான குளிர்ந்த தண்ணியில போட்டு வெச்சு மெதுவா தானா பிரியவிடுங்க, பிரிஞ்சதை படம் மேல பாத்த மாதிரி தனித்தனியா பரப்பிக் காய வைங்க. ரெண்டு நாளுக்கு மேல தண்ணியில விடக்கூடாது.

ஒரேயடியா எல்லாத்தையும் பண்ண நேரம் இல்லைன்னா ஃப்ரீசர்ல வெச்சுடுங்க. பேப்பர், பத்திரம், புத்தகம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா பட்டர் பேப்பர் நடுவுல வெச்சு கவர்ல போட்டு உறைய வெச்சா பூஞ்சை அங்கேயே நின்னுடும், மாசக்கணக்குல கழிச்சு கூட எடுத்து காய வெக்கலாம். 1986 ஏப்ரல்ல லாஸ் ஏஞ்சல்ஸ் மத்திய நூலகத்துல தீப்பிடிச்சப்போ சுமார் 7 லட்சம் புத்தகங்கள் தண்ணியிலயும் புகையிலயும் மாட்டிக்கிச்சு, அதுல நனைஞ்சதை எல்லாம் உறைய வெச்சுட்டு அப்புறம்தான் வேக்யூம் சேம்பர்ல, அதாவது காத்தை உறிஞ்சி எடுத்த அறையில, வெச்சு காய வெச்சாங்க.

டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆன் பண்ணிப் பாக்கலாமா?

பாக்காதீங்க. ஓடக்கூடியது கூட அந்த ஒரு சுவிட்சுல எரிஞ்சுடும், ஷாக்கும் அடிக்கும். மெக்கானிக் திறந்து காய வெச்சு செக் பண்ணட்டும். தண்ணிக்குள்ள மூழ்கின பிரேக்கர், ஃபியூஸ் பாக்ஸ், சுவிட்ச், பிளக் பாயின்ட் எல்லாம் மாத்தியே ஆகணும், காய வெச்சு போடற பொருள் இல்ல அது.

கருப்பா இருந்தா விஷப் பூஞ்சையா? லேப்ல டெஸ்ட் கொடுக்கணுமா?

நிறத்தை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. கருப்பா இருக்கற எத்தனையோ சாதாரண வகை இருக்கு, வெள்ளையா பச்சையா இருக்கறதும் ஆஸ்துமா, அலர்ஜி இருக்கறவங்களை படுத்தி எடுக்கும். பெரும்பாலான வீடுகளுக்கு டெஸ்ட் தேவையே இல்ல, எந்த வகையா இருந்தாலும் செய்ய வேண்டியது ஒண்ணுதான், ஈரம் வர்ற வழியை அடைச்சு பூஞ்சையை வழிச்சு எடுக்கறது. அந்தக் காசை லீக்கேஜ் கண்டுபிடிக்க செலவு பண்ணுங்க.

பிளீச் தெளிச்சா செத்துடும்தானே?

டைல்ஸ், கண்ணாடி மேல சாகும். மரம், போர்டு, சுவர்ப் பூச்சுக்குள்ள வேர் விட்டதை பிளீச் போய் தொடாது, அதுல இருக்கற தண்ணி மட்டும் உள்ள இறங்கி இன்னும் ஈரமாக்கும், மேல வெளுத்துப் போறதால போயிடுச்சுன்னு தோணும். இன்னொரு விஷயம், செத்த பூஞ்சையும் அலர்ஜி கொடுக்கும், அதனால கொல்றது முக்கியம் இல்ல, எடுக்கறதுதான் முக்கியம். சோப்புத் தண்ணியும் பிரஷ்ஷும் வெச்சு தேய்க்கறது பல இடத்துல பிளீச்சை விட நல்ல வேலை செய்யும்.

பிளீச்சோட அமோனியா இருக்கற கிளீனரையோ டாய்லெட் கழுவற ஆசிட்டையோ கலக்கவே கூடாது, வர்ற கேஸ் மூச்சை அடைச்சுடும். கதவு மூடின பாத்ரூம்ல இதைப் பண்ணி மயங்கி விழுந்தவங்க இருக்காங்க.

பூஞ்சையை நானே எடுக்கலாமா?

மொத்தம் 10 சதுர அடிக்குள்ள, அதாவது சுமாரா 3 அடிக்கு 3 அடி, இருந்தா எடுக்கலாம். என்95 மாஸ்க், கையுறை, ஓட்டை இல்லாத கண்ணாடி போட்டுக்கோங்க, ரூம் கதவை மூடி கதவு இடுக்கை பிளாஸ்டிக் ஷீட் வெச்சு அடைங்க, ஏசியை ஆஃப் பண்ணுங்க, காஞ்சபடி தேய்க்காம லேசா ஈரமாக்கிட்டு தேய்ங்க. எடுத்த குப்பையை அந்த ரூம்லயே பையில கட்டி வெளிய கொண்டு போங்க. அதுக்கு மேல பரவியிருந்தாலோ, சாக்கடைத் தண்ணியால வந்திருந்தாலோ, ஏசி டக்ட்டுக்குள்ள (குளிர்காத்து போற குழாய்) இருந்தாலோ ஆள் கூப்பிடுங்க. ஆஸ்துமா இருக்கறவங்க, கர்ப்பிணிகள், எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க அளவு சின்னதா இருந்தாலும் இதுல கை வெக்க வேணாம்.

பூஞ்சைக்குன்னு பெயின்ட் விக்கறாங்களே?

சுத்தமா எடுத்து, காஞ்ச அப்புறம் அடிங்க. மேலேயே அடிச்சா உரிஞ்சு விழும்.

தீ அணைஞ்சாச்சு, எப்ப உள்ள போறது?

தீயணைப்புத் துறை சரின்னு சொன்ன அப்புறம். சாம்பலுக்குள்ள கங்கு மணிக்கணக்கா உயிரோட இருக்கும். பெரிய தீயா இருந்திருந்தா ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் வந்து பாக்காம எதையும் தொடாதீங்க. இரும்பு 550, 600 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு வந்தா பாதி பலத்தை இழந்துடும், அது உருகாமலே வளையும். கான்கிரீட் 300 டிகிரி தாண்டினா சில வகை ஜல்லி போட்டதுல இளஞ்சிவப்பு ஓடும், அங்க பலம் குறைய ஆரம்பிச்சுடுச்சுன்னு இன்ஜினியர் அதை வெச்சு கணிப்பாங்க. அதனால கரி படிஞ்ச தூணை உடனே வெள்ளையடிச்சு மறைக்காதீங்க, அந்த நிறத்தை அவங்க பாக்கணும்.

தீ அணைக்க அடிச்ச தண்ணியும் உள்ள இருக்கும்ங்கறதை நிறைய பேர் மறந்துடறாங்க. கரி கரின்னு கரியையே பாத்துக்கிட்டு இருப்பாங்க, ஒரு வாரத்துல கீழ்மாடி சீலிங்ல பூஞ்சை வந்து நிக்கும். தீ பிடிச்ச வீடும் ஒரு நனைஞ்ச வீடுதான், மேல சொன்ன காய வெக்கற வேலை எல்லாம் இங்கயும் உண்டு.

சுவர்ல படிஞ்ச கரியை ஈரத்துணி போட்டு துடைக்கலாமா?

வேணாம், அது எண்ணெய்ப்பசை உள்ள தூள், ஈரம் பட்டதும் மை மாதிரி சுவருக்குள்ள இறங்கிடும். முதல்ல ஹெப்பா ஃபில்டர் வெச்ச வேக்யூம் கிளீனரை மேல படாம லேசா பிடிச்சு உறிஞ்சணும். அந்த ஃபில்டர் 0.3 மைக்ரான் தூசியில 99.97 சதவீதத்தை பிடிக்கும், சாதாரண வேக்யூம் கரியை பின்பக்கமா ஊதிடும். அப்புறம் கரி துடைக்கறதுக்குன்னே வர்ற காஞ்ச ரப்பர் ஸ்பான்ஜ், மேல இருந்து கீழ ஒரே இழுப்பா இழுக்கணும், ஸ்பான்ஜ் கருத்ததும் அந்தப் பக்கத்தை சீவி எறிஞ்சுட்டு அடுத்த பக்கம். ஈர வேலை கடைசியிலதான்.

எது எரிஞ்சுதுங்கறதும் முக்கியம். காகிதம், மரம் வேகமா எரிஞ்சா காஞ்ச கரி, சுலபமா வரும். பிளாஸ்டிக், ரப்பர் புகைஞ்சு எரிஞ்சா பிசுபிசுன்னு ஒட்டற கரி, உயிரை எடுக்கும். அடுப்புல கறியோ மீனோ கருகினா கண்ணுக்கு லேசுல தெரியாத ஒரு மெல்லிசு மஞ்சள் படலம் வீடு முழுக்க படியும், சுவர் சுத்தமாத்தான் தெரியும், நாத்தம் மட்டும் போகாது.

வயர் மேல இருக்கற பிவிசி எரிஞ்சா ஹைட்ரஜன் குளோரைடு வரும், அது ஈரத்தோட சேர்ந்தா ஆசிட். தீ தொடாத பக்கத்து ரூம்ல இருக்கற குழாய், கீல், கம்ப்யூட்டர் போர்டு எல்லாம் சில நாள்ல அரிக்க ஆரம்பிக்கறது இதாலதான். உலோகத்தையும் எலெக்ட்ரானிக்ஸையும் முதல் ரெண்டு நாள்லயே கவனிங்க. தீயணைப்பான்ல இருந்து அடிச்ச மஞ்சள் பவுடரும் ஈரம் சேர்ந்தா அரிக்கும், அதையும் காஞ்சபடியே உறிஞ்சி எடுக்கணும்.

புகை நாத்தம் போகவே மாட்டேங்குது, ஓசோன் மெஷின் போடலாமா?

நாத்தம் இருந்தா கரி எங்கயோ மிச்சம் இருக்குன்னுதான் அர்த்தம். ஏசி ஃபில்டர், டக்ட், திரைச்சீலை, சீலிங் மேல்பக்கம், சுவிட்ச் போர்டுக்கு பின்னாடி பாருங்க. எல்லாம் சுத்தம் பண்ணின அப்புறம் சீலர் பிரைமர் (கறையையும் நாத்தத்தையும் உள்ளேயே அடைக்கற அடிப்பூச்சு) அடிச்சு பெயின்ட் அடிங்க. ஓசோன் நுரையீரலை எரிக்கற வாயு, மனுஷங்க, வளர்ப்புப் பிராணிகள், செடி எதுவும் இல்லாத பூட்டின இடத்துல தெரிஞ்சவங்க மட்டும்தான் ஓட்டணும், அது கரியை எடுக்கவும் எடுக்காது. ரூம் ஸ்ப்ரே அடிச்சு மறைக்கறதுல பிரயோஜனமே இல்ல.

சாப்பாட்டுப் பொருள், மருந்து?

சூடோ, புகையோ, வெள்ளமோ பட்டதை எல்லாம் போட்டுடுங்க, மூடி போட்ட பாட்டிலா இருந்தாலும். கரண்ட் மட்டும் போயிருந்தா, திறக்காம வெச்ச ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் தாங்கும், நிறைஞ்ச ஃப்ரீசர் 48 மணி நேரம்.

கடை, ஆபீஸ்னா வேற என்ன பண்ணணும்?

ஒரு நாள் மூடினாலும் நஷ்டம்ங்கறதால எல்லாரும் முன்பக்கத்தை மட்டும் துடைச்சு ஷட்டரைத் தூக்கப் பாக்கறாங்க, அந்த அவசரம் புரியுது, ஆனா கோடவுன்ல ஈரத்தை விட்டுட்டு முன்னாடி வியாபாரம் பண்ணினா மூணாவது வாரம் மொத்த கடையையும் மூட வேண்டி வரும். முடிஞ்சா இடத்தை பிளாஸ்டிக் ஷீட் வெச்சு ரெண்டா பிரிச்சு, காஞ்ச பக்கம் வேலை, ஈரப் பக்கம் மெஷின்னு ஓட்டுங்க. நல்ல சரக்கு, சந்தேகச் சரக்கு, வீணான சரக்குன்னு தனித்தனியா அடுக்கி எண்ணி எழுதுங்க, சந்தேகமானதை விக்காதீங்க. சர்வர், ஹார்ட் டிஸ்க் நனைஞ்சிருந்தா ஆன் பண்ணாம டேட்டா ரெக்கவரி ஆளுங்ககிட்ட கொடுங்க. வேலை செய்யறவங்களை மாஸ்க் இல்லாம கரி துடைக்க விடாதீங்க, அவங்க கேக்க மாட்டாங்க, நீங்கதான் வாங்கிக் கொடுக்கணும்.

இன்சூரன்ஸ்காரங்க வந்து பாக்கற வரைக்கும் அப்படியே விடணுமா?

உடனே தகவல் சொல்லுங்க, ஆனா ஈரத்தை அப்படியே விட்டுட்டு காத்திருக்காதீங்க. நஷ்டம் மேல மேல கூடாம தடுக்கறது உங்க பொறுப்புன்னு பெரும்பாலான பாலிசியில இருக்கும், விட்டதால வந்த பூஞ்சைக்கு தர மாட்டோம்னு சொல்ல அது காரணமாயிடும். கார்ப்பெட், போர்டு எல்லாம் எடுத்துப் போடும்போது ஒரு சின்ன துண்டை வெட்டி சாம்பிளா வைங்க, பில் எல்லாத்தையும் சேர்த்து வைங்க. பைப் திடீர்னு வெடிச்சதுக்கும் வருஷக்கணக்கா கசிஞ்சதுக்கும் வேற வேற விதி, வெள்ளத்துக்கு பல இடத்துல தனி பாலிசி, கடைன்னா மூடியிருந்த நாளோட வருமான இழப்பு சேர்ந்திருக்கான்னு பாருங்க.

ஆள் வெச்சு செய்யறதுன்னா எப்படி நம்பறது?

முதல் தடவை வரும்போது மாய்ஸ்ச்சர் மீட்டர் எடுத்துட்டு வர்றாங்களான்னு பாருங்க. கண்ணால பாத்தே விலை சொல்றவங்க, முழுப் பணத்தையும் முன்னாடியே கேக்கறவங்க, புகை மருந்து அடிச்சா ஒரே நாள்ல முடிஞ்சுடும்னு சொல்றவங்க வேணாம். பூஞ்சை இருக்குன்னு டெஸ்ட் பண்ணி சொல்றவங்களும் அதை எடுக்கறவங்களும் வேற வேற ஆளா இருக்கறது நல்லது. தினமும் எடுத்த ஈர அளவை பேப்பர்ல எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க, கடைசி நாள் அளவு காஞ்ச இடத்து அளவோட ஒத்துப்போச்சான்னு பாத்துட்டு பாக்கிப் பணத்தைக் கொடுங்க.

எப்ப திரும்ப குடி போகலாம்?

கரண்ட் லைனை எலெக்ட்ரீஷியன் செக் பண்ணியிருக்கணும், குடிக்கற தண்ணித் தொட்டியை கழுவி கிருமிநாசினி போட்டிருக்கணும், மீட்டர்ல ஈர அளவு இறங்கியிருக்கணும். ஒரு நாள் முழுக்க வீட்டைப் பூட்டி வெச்சுட்டு மறுநாள் காலையில கதவைத் திறந்ததும் மூக்கால பாருங்க, மண்ணு வாசனையோ புகை வாசனையோ வந்தா எந்த ரூம்ல அதிகமா வருதுன்னு தேடிப் போய் அங்க மறுபடி மெஷினைப் போடுங்க. குடி போன அப்புறமும் ஒரு மூணு மாசத்துக்கு பீரோவை சுவர்ல இருந்து நாலு விரல்கடை தள்ளியே வெச்சுக்கோங்க, பின்னாடி காத்து ஓடட்டும்.